அக்காவின் இந்துப்பு

நெய்யாற்றின்கரை மருந்துக்கடையில் வாங்கிவந்த இந்துப்பைச் சமையலறையில் பிரித்ததும் அப்பாவின் கைதான் நினைவுக்கு வந்தது.

பலாப்பழக் காலத்தில் அக்காவுக்கு வயிறு உப்பிவிடும். அப்பா இந்துப்பைப் பொடித்து, இஞ்சிச்சாறும் வெந்நீரும் கலந்து குடிக்கவைத்து, அவள் ஏப்பம் விடும்வரை வயிற்றைத் தடவிக்கொண்டே இருப்பார். அந்தக் கைக்காக ஒருநாள் நானும் இருபது சுளை தின்றேன். பாழாய்ப்போன வயிறு, எல்லாவற்றையும் செரித்துவிட்டது.

“எப்பா, எனக்கும் வயறு வலிக்கி.”

அப்பா ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். “உனக்கு ஒண்ணுமில்ல மக்கா, நல்ல வயறாக்கும். போய் விளையாடு.”

விருந்துக்கு வந்த இடத்தில் வயிறு உப்பிப் படுத்திருக்கும் அக்கா முன்னறையிலிருந்து கூப்பிட்டாள். “எட்டீ, இந்துப்பு கிட்டிச்சா? எப்பா இருந்தா இந்நேரம் கலக்கித் தந்திருப்பாரு.”

பொட்டலத்தை அரிசிப் பானைக்குள் புதைத்தேன்.

“கடையில இல்லியாம் அக்கா.”