கடைசி வரியில் எழுதிய சாவி

சிதம்பரத்து டயாலிசிஸ் மையம் ஒன்றில் எந்த நோயாளி எப்போது வரவேண்டும் என்று பட்டியல் போடும் இணையப் பக்கத்தை எழுதிக்கொடுத்தவள், கடலூரில் வேலை பார்க்கும் பிரிசில்லா. எட்டு மாதம் அது ஒழுங்காக ஓடியது.

ஒரு திங்கட்கிழமை காலை பட்டியல் பாதியில் நின்றது. மறுபடி அழுத்தினால், 'வேலை நடந்துகொண்டிருக்கிறது' என்றே காட்டியது. சேத்தியாத்தோப்பிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த கொளஞ்சி என்ற பெரியவர், பட்டியலில் பெயர் வராததால் வீங்கிய காலோடு மத்தியானம் வரை பெஞ்சில் காத்திருந்தார்.

மேலாளர் உத்திராபதி போனில் கத்தினார். பிரிசில்லா எதையும் திறந்து பார்க்காமலே சொன்னாள்: "என் புரோகிராம்ல ஒண்ணுமில்ல சார். உங்க ஆபரேட்டர் நடுவுல மூடியிருப்பாங்க."

ஸ்பீக்கரில் ஆபரேட்டர் மாலதியின் குரல் கேட்டது. "நான் மூடல மேடம்."

"மூடாம எப்படிங்க நிக்கும்?"

மாலையில்தான் பிரிசில்லா சர்வர் பதிவுகளைப் பார்த்தாள். ஒரு வேலைக்கு சர்வர் தருவது முப்பது வினாடி. நோயாளிகள் பெருகியதில் நேரம் போதாமல், சர்வரே நடுவில் நிறுத்தியிருந்தது. இரண்டு பேர் ஒரே சமயத்தில் பட்டியல் போடாமலிருக்க, புரோகிராமின் தொடக்கத்தில் ஒரு பூட்டு விழும். அதைத் திறக்கும் வரியை அவள் கடைசியில் எழுதியிருந்தாள். புரோகிராம் கடைசி வரை ஓடவே இல்லை, பூட்டும் திறக்கவில்லை. இப்படி ஆகலாம் என்று எழுதும்போதே தெரியும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

பாதியில் நின்றாலும் பூட்டு திறக்கும்படி மாற்றினாள். பட்டியலைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்தாள். 'சரி பண்ணிட்டேன் சார்' என்று செய்தி அனுப்பினாள். காரணத்தை எழுத விரல் வரவில்லை.

வியாழக்கிழமை உத்திராபதி வேறு எதற்கோ பேசும்போது, "அந்த மாலதிப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிட்டேம்மா" என்றார்.

மறுநாள் காலை பிரிசில்லா சிதம்பரம் பஸ் ஏறினாள். வரவேற்பறையில், காத்திருந்தவர்கள் முன்னாலேயே சொன்னாள்: "தப்பு என்னுது சார். மாலதி எதையும் மூடல. திங்கக்கிழமை சாயங்காலமே எனக்குத் தெரியும்."

உத்திராபதி கடிதத்தை எடுத்து மாலதியிடம் நீட்டினார். மாலதி அதைக் கிழிக்கவில்லை. மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"நாலு நாளா, நாந்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன்னு நானே நம்பிட்டேன் மேடம்."

டயாலிசிஸுக்கு வந்திருந்த கொளஞ்சி, யார் முகத்தையும் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இனிமே நின்னா, ஏன் நின்னுச்சுன்னு ஸ்கிரீன்ல எனக்குத் தெரியிற மாதிரி எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க" என்றாள் மாலதி.

பிரிசில்லா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து அங்கேயே எழுதத் தொடங்கினாள்.