இனாமாக வந்த டீசல்

படகை விற்றவனை நான் ஏமாற்றிவிட்டேன் என்றுதான் முதலில் நம்பினேன். டேங்கில் கால்வாசி டீசல்தான் இருக்கும் என்று அவன் சொன்னான். நான் குச்சியை விட்டுப் பார்த்தேன். முக்கால் உயரத்துக்கு ஈரம். மூடியைச் சத்தமில்லாமல் திருகிவிட்டு, எண்ணெய் விலை சரிந்த நாளில் வைத்துக்கொள்கிற மூஞ்சியை வைத்துக்கொண்டு மேலே வந்தேன். பாவம், அவனுக்கே தெரியாமல் அரை டேங்க் டீசலை எனக்குத் தாரை வார்க்கிறான் என்று உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

ராயபுரத்தில் எனக்குச் சமையல் எண்ணெய் மொத்த வியாபாரம். தெற்கேயிருந்து வந்து கடை போட்ட குடும்பம் என்பதால் தெருவுக்கே நான் அண்ணாச்சி. பீப்பாய்க்குள் குச்சி விட்டுப் பார்ப்பதுதான் என் ஆயுளில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரே வித்தை. ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று யாரும் பார்த்துவிடலாம். நான் அதோடு விடமாட்டேன். குச்சியின் அடிநுனியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்ப்பேன். எண்ணெய் மேலே நிற்கும், தண்ணீர் அடியில் போய் உட்காரும். கலப்படம் இருந்தால் விரல் சொல்லிவிடும். மில்லிலிருந்து சரக்கு கொண்டுவருகிற டிரைவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, விரலைத்தான் பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்ட விரல் அன்றைக்குச் சட்டைப் பையில் இருந்தது. காசு கொடுத்து வாங்குகிற சரக்கைத்தான் தேய்த்துப் பார்ப்போம். சும்மா வருவதை எவன் தேய்த்துப் பார்ப்பான்?

எண்ணெய்க் கடைக்காரனுக்குப் படகு எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. என் மகள் உலகத்தின் அந்தப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்காக ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டரில் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறாள். மனைவி கடையில் கல்லாவில். நான் கிடங்கில். மூன்று பேரும் மூன்று வேளையில் தனித்தனியாகச் சாப்பிட்டு, மாடிப்படியில் எதிர்ப்பட்டால் வழி விட்டு ஒதுங்குகிறோம். கடற்கரைக்குக் கூட்டிப்போனால் மகள் போனோடு தள்ளிப்போய் நின்றுகொள்வாள். ஓட்டலுக்குப் போனால் மனைவி பில்லைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவாள். படகில் யாரும் எழுந்து போக முடியாது பாருங்கள். வாரம் ஒரு நாள், மூன்று பேரும், நடுக்கடலில், தூண்டிலைப் போட்டுக்கொண்டு. இந்த யோசனை வந்த அன்று எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன். சேர்ந்து உட்கார வேண்டுமென்றால் வீட்டில் சாப்பாட்டு மேசை இருக்கிறதே என்று மனைவி சொன்னாள். அது என் காதில் விழவில்லை.

யாரோ ஒரு முதலாளி வாங்கி, அனுபவித்து, அலுத்துப்போன யாட் அது. வெள்ளை வெளேர் என்று இருக்கும். உள்ளே இரண்டு பேர் படுக்க மெத்தை, கை கழுவ ஒரு தொட்டி, ரயிலில் இருக்கிற மாதிரி ஒரு கக்கூஸ். காசிமேட்டுப் பக்கம் விற்பனைக்கு நின்றது. அதை எனக்கு விற்ற புரோக்கர்தான் எஞ்சினை ஓட்டிக் காட்டினான். டேங்கிலிருந்து இல்லை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கேனில் டீசல் வைத்து, அதிலிருந்து டியூப் போட்டு ஓட்டினான். எண்ணூர் வரைக்கும் படகைக் கொண்டுவந்து விட்டபோதும் அதே கேன். என் டேங்கில் இருக்கிற டீசலைத் தொடாமல் கொண்டுவந்து சேர்க்கிறானே, எவ்வளவு நாணயமான மனுஷன் என்று நினைத்து, போகும்போது அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். பிஸ்கட்டும்.

எண்ணூரை ஒட்டிய காத்திவாக்கத்தில் எனக்கு ஒரு சிநேகிதன். என் வயது, மீன்பிடிக்காரன். அவன் மனைவி வறுத்த மீன் கடை போட்டிருக்கிறாள். எண்ணெய் என் கடையிலிருந்துதான் போகும். அந்தப் பழக்கத்தில் அவனுடைய ஃபைபர் படகுக்குப் பக்கத்திலேயே கழிமுகத்தில் என் யாட்டைக் கட்டிக்கொள்ள ஊரில் பேசி இடம் வாங்கிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனே வந்து ஓட்டுவதாகவும் ஏற்பாடு. படகை முதலில் பார்த்தபோது இரண்டு தடவை சுற்றி வந்தான். உள்ளே தலையை விட்டு மெத்தையைப் பார்த்தான்.

"இன்னா அண்ணாச்சி, மீன் புடிக்கப் போறியா, மீனுக்குப் பொண்ணு பாக்கப் போறியா?"

முதல் ஞாயிறு. மனைவி எலுமிச்சைச் சாதம் கட்டியிருந்தாள். மகள் லீவு போட்டிருந்தாள். தூண்டில், இரை, தொப்பி சகிதமாக மத்தியானம் மூன்று மணிக்குக் காத்திவாக்கம் போய் இறங்கினால் தெருவில் சாவு மேளம். நண்பனின் சித்தப்பா விடியற்காலையில் போய்விட்டார். அவன் தோளில் துண்டோடு பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். என் தலையில் இருந்த தொப்பியைப் பார்த்தான். நான் அதை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"இன்னிக்கு ஒருத்தரும் போவக்கூடாது அண்ணாச்சி. ஊர்க் கட்டுப்பாடு. அடக்கம் முடியிற வரைக்கும் ஒரு துடுப்பு நனையாது. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

நான் மாலை வாங்கிப் போட்டேன், கும்பிட்டேன், கிளம்பினேன். அதுவரைக்கும் மனுஷன் மாதிரிதான் நடந்துகொண்டேன். காருக்கு வந்ததும் மகள் ஒரு கொட்டாவி விட்டாள். அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் தனக்கு ஷிஃப்ட் என்றாள். சலித்துக்கொண்டு சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குள் ஒரு வியாபாரி விழித்துக்கொண்டான். கட்டுப்பாடு ஊருக்குத்தானே? நான் ஊர்க்காரன் இல்லையே? முகத்துவாரம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? எஞ்சினைக் கிளப்புவதை நண்பன் எனக்கு இரண்டு தடவை காட்டியிருக்கிறான். மனைவி வேண்டாம் என்றாள். நான் அவள் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

ஊரே சாவு வீட்டில் இருந்ததால் எங்களைக் கேட்க ஆளில்லை. கயிற்றை அவிழ்த்தபோது எனக்கே திருட்டுப்பயல் மாதிரிதான் இருந்தது. ஆனால் கழிமுகத்தில் தண்ணீர் தட்டு மாதிரி கிடந்தது. எஞ்சின் பூனை மாதிரி உறுமியது. அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் மெல்லப் பின்னால் நகர்ந்தன. மகள் முன்பக்கம் போய் உட்கார்ந்து, போனை உள்ளே வைத்துவிட்டு, காற்றுக்கு முகத்தைக் கொடுத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. முகத்துவாரம் வந்தது. நான் திருப்பவில்லை.

வெளியே அலை வேறு மாதிரி இருந்தது. படகு தூக்கித் தூக்கிப் போட்டது. எஞ்சின் ஒரு தடவை இருமியது, இன்னொரு தடவை இருமியது, நின்றது. சாவியைத் திருப்பினேன். திருப்பினேன், திருப்பினேன், பாட்டரி முனகி முனகிச் செத்துப்போகிற வரைக்கும் திருப்பினேன். எஞ்சின் நின்றதும்தான் தெரிந்தது, கரையில் அடிக்கிற சாவு மேளம் அங்கேயும் கேட்கிறது.

பதறாதீங்க, நங்கூரம் இருக்கு என்று அறிவித்தேன். நங்கூரக் கயிறு முன்பக்கம் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. நங்கூரத்தை இரண்டு கையாலும் தூக்கி, கோயில் வாசலில் சிதறுகாய் உடைக்கிறவன் மாதிரி வீசினேன். கயிறு சரசரவென்று ஓடியது, பார்க்க அத்தனை அம்சமாக இருந்தது. கடைசியில் அதன் வால் ஒரு துள்ளு துள்ளிக் கடலுக்குள் போய்விட்டது. மறுமுனையைப் படகில் கட்டியிருக்க வேண்டும் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உதயமாயிற்று. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இதுவும் முறைதான் என்கிற மாதிரி நான் தலையை ஆட்டிவைத்தேன்.

படகு வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் போட்ட கல் சுவர். ஆள் உயரப் பாறைகள். ஒவ்வொரு அலையும் அதில் மோதி வெள்ளையாக மேலே எழும்பியது. மனைவிக்கு நீச்சல் தெரியாது. மகளுக்கு நீச்சல் குளத்தில் மட்டும் தெரியும். எனக்கு எண்ணெய் தெரியும். படகோடு வந்த மிதவைச் சட்டைகளில் இரண்டுதான் வார் அறுந்துபோகாமல் இருந்தன. அவற்றை அவர்கள் இருவருக்கும் மாட்டிவிட்டேன். குடிதண்ணீர் கொண்டுவந்த ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைக் காலி செய்து என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். இவர்கள் இருவரும் கரை ஏறினால் போதும், நான் இந்தக் கேனோடு எந்த நாட்டில் வேண்டுமானாலும் ஒதுங்கிக்கொள்கிறேன் என்று இருக்கிற சாமிகளிடமெல்லாம் வேண்டினேன். வேளாங்கண்ணி மாதாவையும் விடவில்லை.

போலீசுக்குப் போன் போடட்டுமா என்று மகள் கேட்டாள். படகு இன்னும் என் பேருக்கு மாறவில்லை, கேஸாகிவிடும் என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, ஒரு அலை வந்து படகைக் கல் சுவருக்கு நேராகத் திருப்பிப் போட்டது. "யாருக்கு வேணா போடு, கமிஷனருக்குப் போடு, உங்க ஆபீசுக்குக்கூடப் போடு" என்று நான் கத்தினேன். அவள் முதலில் என் நண்பனுக்குத்தான் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பட்டாசும் மேளமுமாகக் கிடக்கிற இடத்தில் எவன் காதில் விழும்? சுற்றிலும் பார்த்தேன். மற்ற நாளில் இந்நேரம் நாலா பக்கமும் படகு தெரியும். அன்றைக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு கட்டுமரம்கூட இல்லை. ஊர் சொன்ன சொல்லை எல்லோரும் மதித்திருந்தார்கள்.

கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாமல் எஞ்சின் பெட்டியைத் திறந்தேன். டீசல் வடிகட்டிக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம். அதன் திருகைத் தளர்த்தி டம்ளரில் பிடித்தேன். படகு ஆடிய ஆட்டத்தில் பாதி என் வேட்டியில் கொட்டியது. மனைவி டம்ளரை வாங்கினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடியில் விரலை விட்டு எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தாள். கல்லாவில் உட்கார்ந்தே இத்தனை வருஷமாக என்னைக் கவனித்திருக்கிறாள்.

"இது தண்ணியால்லா இருக்கு" என்றாள். "வாங்கும்போது நீங்க தேச்சுப் பாக்கலையா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டேங்கில் டீசல் விற்றவன் சொன்ன அளவுதான். மிச்ச உயரத்துக்கு அடியில் தண்ணீர். டீசல் உறிஞ்சுகிற குழாய்க்குக் கீழே, கழிமுகத்தில் அசையாமல் கிடந்தது, அலையில் கலங்கி எஞ்சினுக்குள் போய்விட்டது. இடுப்பில் கேனோடு நான் அப்படியே படகின் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மகள் விடாமல் நண்பனுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தாள். கல் சுவரில் ஒட்டியிருந்த பாசியின் பச்சை தெரிகிற தூரத்தில் அவன் போனை எடுத்தான். ஒலிபெருக்கியில் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"அண்ணாச்சி, இன்னாபா? பொணம் எடுக்கிற நேரம். எங்க கீற?"

"கடல்ல" என்றேன்.

"இன்னிக்கா?"

எஞ்சின் நின்றுபோச்சு, துறைமுகக் கல் சுவர்கிட்ட இருக்கோம் என்று மகள் குறுக்கே புகுந்து கத்தினாள். கொஞ்ச நேரம் மேளம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. எல்லோரையும் பேசாமலிருக்கச் சொல்லி அவன் யாரிடமோ என்னவோ சொன்னான். போன் துண்டித்துக்கொண்டது. கடல்வரை கேட்டுக்கொண்டிருந்த மேளச் சத்தமும் அடங்கிப்போனது. மேளம் நின்றதுதான் அன்றைக்கு என்னை அதிகம் பயமுறுத்தியது. வருகிறார்களா, இல்லை, நாசமாய்ப் போ என்று விட்டுவிட்டார்களா என்று தெரியவில்லை. விட்டிருந்தாலும் நியாயம்தான். நானும் மனைவியும் தூண்டில் கம்புகளைப் பிடித்துக்கொண்டு, மோதினால் கல்லில் ஊன்றித் தள்ளலாம் என்று ஓரத்தில் மண்டியிட்டிருந்தோம். சுண்டுவிரல் கனம் கம்பு. மகள் எங்கள் இருவர் இடுப்புத் துணியையும் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தாள். மூன்று பேரும் ஒரே இடத்தில். யாரும் எழுந்து போகவில்லை.

முகத்துவாரத்தைத் தாண்டி ஒரு ஃபைபர் படகு குதித்துக் குதித்து வந்தது. என் நண்பனும், அவன் பங்காளிகளும். தலைமுடியிலும் தோளிலும் பாடையில் தூவிய பூ ஒட்டியிருந்தது. இரண்டு பேர் மேல் சாராய வாடை. யாட்டின் பின்பக்கம் கல்லில் ஒரு தடவை மோதி, வெள்ளை பெயின்ட் பெயர்ந்து, நடுங்கிய அதே நேரத்தில் கயிறு வந்து என் மார்பில் விழுந்தது.

"கட்டு. இந்தத் தபா கட்டு" என்றான் நண்பன். நங்கூரத்தின் கதையை மகள் எப்போது அவனிடம் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் மூவரையும் தங்கள் படகுக்கு மாற்றிவிட்டு யாட்டை இழுத்துக்கொண்டு போனார்கள். நான் மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்தேன். நண்பன் என் இடுப்பைப் பார்த்து, அந்தக் கேனை முதலில் அவிழ் என்று சைகை காட்டினான்.

கரையில் தெரு முனையில் பாடையைத் தரையில் இறக்கி வைத்திருந்தார்கள். மேளக்காரர்கள் சுவரோரம் குந்தியிருந்தார்கள். பெண்கள் எழுந்து வந்து என் மனைவியைக் கைபிடித்து இறக்கி, நனைந்த புடவைக்கு மேலே ஒரு துண்டைப் போர்த்தினார்கள். ஊர்ப் பெரியவர்கள் என்னைப் பார்த்துவிட்டுப் பாடையின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நண்பன் காலில் இருந்த சேற்றைக் கழுவிக்கொண்டு போய் முன்பக்கம் தோள் கொடுத்தான். மேளம் மறுபடியும் ஆரம்பித்தது. நான் ஈர வேட்டியோடு பின்னால் நடந்தேன். மனைவியும் மகளும் வீட்டுக்குப் போகாமல், பெண்களோடு பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள்.

வெயில் இருக்கும்போதே அடக்கம் செய்ய வேண்டிய மனிதரை, இருட்டிய பிறகு, செல்போன் வெளிச்சத்தில் அடக்கம் செய்தார்கள்.