பதினான்கு எழுத்துக்குள் காஞ்சிபுரம்

1. செருப்பைக் கழற்றியவர்

நெசவாளர் சங்கத்தின் பெரிய காஞ்சிபுரம் கிளைச் செயலாளர் ஏகாம்பரம், சென்னையில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் வாசலுக்குக் கோபத்தோடுதான் வந்தார். கையில் ஒரு பிரின்ட் அவுட்டைச் சுருட்டிப் பிடித்திருந்தார். ஆனால் வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடப்பதைப் பார்த்ததும் தன்னுடையதையும் கழற்றி ஓரமாக விட்டார். தூசி உள்ளே போகக் கூடாது என்று எங்கள் டைரக்டர் போட்ட விதி அது. உள்ளே ஏசி குளிர் அடித்தது. துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பீரோ பீரோவாக நின்ற மெஷினை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்.

"என் ரூமுக்குள்ள வரதராஜுலு ஆளுங்க எப்படிம்மா வந்தாங்க?"

எழுபதுகளின் கடைசி அது. கணிதத்தில் பி.எஸ்ஸி. முடித்து, கார்டு பஞ்ச் செய்யும் வேலையில் சேர்ந்து, பிறகு புரோகிராமர் ஆனவள் நான். சொந்த ஊர் காஞ்சிபுரம். பிள்ளையார்பாளையத்தில் என் அண்ணன் முருகேசன் தறி நெய்துகொண்டிருந்தான். ஊர்க்காரி என்ற ஒரே தகுதியில், காஞ்சிபுரத்து நெசவாளர் சங்கம் ஒன்றின் வேலையை டேனியல் சார் என் தலையில் கட்டினார். டேனியல் சார் எங்கள் மேனேஜர்.

அந்தச் சங்கத்துக்கு இரண்டு கிளைகள். ஒன்று பெரிய காஞ்சிபுரம், ஏகாம்பரத்தினுடையது. இன்னொன்று சின்ன காஞ்சிபுரம், வரதராஜுலுவினுடையது. இருவரும் ஒரே சங்கம் என்பது ரப்பர் ஸ்டாம்பில் மட்டும்தான் இருந்தது.

வேலை சிக்கலானது இல்லை. ஒவ்வொரு சேலை டிசைனுக்கும் ஒரு ஃபைல். அதில் கரை என்ன, உடல் என்ன நிறம், முந்தியில் என்ன, எத்தனை தறி அதை நெய்யும் என்ற விவரம். கொள்முதல்காரர் வந்து கேட்டால் மெஷின் பட்டியல் அச்சடித்துத் தர வேண்டும். பம்பாய் கடைகளுக்கு வாங்கும் ஏஜென்ட் ஒருவர் வரப்போகிறார் என்றும், கம்ப்யூட்டர் பட்டியல் என்றால் அசந்துபோவார் என்றும் சங்கத் தலைவர் நினைத்தார்.

ஆனால் நெசவாளர்களுக்கு அது வேடிக்கை இல்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு, அதாவது தறியின் நீள நூல், நீட்டிக் கஞ்சி தோய்க்க முடியாது. அதற்கு முன்பே ஆர்டர் கைக்கு வந்து, பாவு தோய்ந்து உள்ளே எடுத்து வைத்துவிட்டால் மழை முழுக்கத் தறி ஓடும். இல்லையென்றால் வீட்டில் உட்கார்ந்து மழையைப் பார்க்க வேண்டியதுதான்.

ஏகாம்பரம் சுருளை விரித்தார். அவருடைய கிளைத் தலைப்பின் கீழ் வரதராஜுலு கிளையின் டிசைன்களும் கலந்து கிடந்தன.

2. பெயர் வைத்த கதை

இது எப்படி நேர்ந்தது என்று சொல்ல, சில வாரங்கள் பின்னால் போக வேண்டும்.

எங்களுக்கு அப்போது புதிதாக வந்திருந்த மெஷினில் ஃபைல்களை டைரக்டரிக்குள் டைரக்டரியாக, அறைக்குள் அறை மாதிரி, அடுக்கலாம். மேலே ரூட். அதற்குக் கீழே சங்கம், அதற்குக் கீழே கிளை, அதற்குக் கீழே டிசைன். ஒரு ஃபைலைத் திறக்க வேண்டுமென்றால் இந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லி, நடுநடுவே ஒரு ஸ்லாஷ், சாய்கோடு, போட வேண்டும். அந்த முழு வரிக்குப் பாத்நேம், அதாவது பாதை, என்று பெயர். கிளைகளுக்கு நான் பீகே (PK), சீகே (CK) என்று இரண்டெழுத்துப் பெயர் வைத்து, ஒரு தாளில் படம் வரைந்து, காஞ்சிபுரம் ஆபீசுக்கு எடுத்துப்போனேன்.

வரதராஜுலு படத்தின் உச்சியில் விரலை வைத்தார்.

"இங்க இருக்கிறது யாரும்மா?"

"அது ரூட் ஐயா. வேர்."

"வேர் கீழதானே இருக்கும்?"

"மெஷின்ல மேல இருக்குது ஐயா."

"அப்போ அங்க என் கிளையைப் போட்டுடேன்."

மேஜையின் மறுபக்கத்திலிருந்து ஏகாம்பரம் சொன்னார்: "அவரை அங்க போட்டா நான் சங்கத்தையே விட்டுப் போயிடறேன்."

ரூட்டில் யாரையும் போட முடியாது, அது எல்லோருக்கும் பொது என்று சொல்லி அந்தச் சண்டையை ஒருவழியாக நிறுத்தினேன். அடுத்தது பெயர்.

"பீகே, சீகேன்னா இன்னாம்மா? ரேஷன் கார்டா?" என்றார் ஏகாம்பரம். "அதுவும் ஏபிசிடியில சீ முன்னாடி வருது, பீ பின்னாடி வருது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? காஞ்சிபுரம் சில்க்னு முழுசா முன்னால வரட்டும். அப்புறம் பெரியன்னு போடு."

"அவருக்கு காஞ்சிபுரம் சில்க் வந்தா எனக்கும் வரணும்," என்றார் வரதராஜுலு. "நாங்க என்ன காட்டனா நெய்யறோம்?"

சென்னைக்குத் திரும்பி டேனியல் சாரிடம் முறையிட்டேன். "சார், இவ்வளவு நீளப் பேர் தேவையா?"

"கஸ்டமர் கேக்கறாரில்ல, குடுத்துடும்மா. அஞ்சு நிமிஷ வேலைக்கு அஞ்சு நாள் பஞ்சாயத்து வேணாம்."

கொடுத்தேன். சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் பாதையை ஒட்டும் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதியிருந்தேன். மேல் டைரக்டரியின் பெயர், ஒரு ஸ்லாஷ், கீழ்ப் பெயர். மேல் பெயர் ஏற்கெனவே ஸ்லாஷில் முடிந்தால் இன்னொன்று போடாது. மொத்த நீளம் ஒதுக்கிய இடத்தைத் தாண்டினால் எர்ரர் சொல்லும். டைரக்டரி இல்லையென்றால் புதிதாக உண்டாக்கும். இருந்தால் பேசாமல் உள்ளே போகும். இரண்டு கிளைகளின் கார்டுகளையும் ஏற்றினேன். எர்ரர் ஒன்றும் வரவில்லை. எர்ரர் வராததைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்தோம். பட்டியலை அச்சடித்துக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பிவைத்தோம்.

3. ஒரே வீட்டில் இருவர்

ஏகாம்பரத்தை உட்கார வைத்து, டெர்மினலில் சங்கத்தின் டைரக்டரியைத் திறந்து பார்த்தேன். இரண்டு பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. அதுவும் பாதியில் நின்றது.

அந்த மெஷின் ஒரு பெயருக்குப் பதினான்கு எழுத்துதான் வைத்துக்கொள்ளும். மீதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். ஆங்கிலத்தில் காஞ்சிபுரம் என்று அரசாங்க வழக்கப்படி எழுதினாலே பன்னிரண்டு எழுத்து போய்விடும். பிறகு சில்க்கின் முதல் இரண்டு எழுத்து, எஸ், ஐ. அவ்வளவுதான். பெரியதும் சின்னதும் மெஷினுக்குள் போகவே இல்லை. வரதராஜுலுவின் கார்டுகள் வந்தபோது, 'இந்தப் பெயரில் டைரக்டரி ஏற்கெனவே இருக்கிறதே' என்று என் புரோகிராம் அவரை ஏகாம்பரத்தின் அறைக்கே கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டது.

டேனியல் சாரைக் கூப்பிட்டேன்.

"இது மேனுவல்லயே இருக்குமேம்மா," என்றார்.

"மேனுவல் எங்க சார்?"

"பீரோவுல."

"சாவி?"

"டைரக்டர்கிட்ட. அவர் டூர்ல இருக்கார்."

இதற்குள் அடுத்த பஸ்ஸில் வரதராஜுலுவும் வந்து இறங்கிவிட்டார். அவர் கையிலும் அதே பிரின்ட் அவுட். "என் வூட்ல இவரு குடி வந்துட்டாரும்மா!" என்றார். இருவரும் ஒருவரையொருவர் ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் நிறுத்தி மறுபடி படித்தேன்.

இரண்டு கிளையிலும் மயில் என்று ஒரு டிசைன் உண்டு. ஒரே அறை, ஒரே பெயர். இரண்டாவதாக வந்த சின்ன காஞ்சிபுரத்து மயில், முதலில் இருந்த பெரிய காஞ்சிபுரத்து மயிலின் மேல் எழுதப்பட்டு அதை அழித்துவிட்டது. பெரிய காஞ்சிபுரத்து மயிலை நெய்கிறவர்களில் என் அண்ணனும் ஒருவன்.

பம்பாய் ஏஜென்ட் அன்று மதியமே சென்டருக்கு வருவதாக இருந்தது. பட்டியலில் இல்லாத சேலையை அவர் எப்படிக் கேட்பார்? முந்தின வாரம்தான் அண்ணன் என்னிடம், "மழைக்கு முன்ன ஒரு ஆர்டர் வந்துட்டா போதும் சரோஜா, தறி நிக்காது," என்று சொல்லியிருந்தான். இப்போது நான் அவனிடம் என்ன சொல்வது? உன் மயிலின் மேல் இன்னொரு மயில் உட்கார்ந்துவிட்டது என்றா?

"ஐயா, ரெண்டு கிளையையும் பிரிச்சிடலாம். சின்னப் பேரா ரெண்டு சொல்லுங்க," என்றேன்.

"கிளை ஒண்ணு, கிளை ரெண்டுன்னு வை," என்றார் வரதராஜுலு தாராளமாக.

"யாரு ஒண்ணு?" என்றார் ஏகாம்பரம்.

மெஷின் அறையில் பேச்சு அதோடு சூடு பிடித்தது. சங்கம் எந்த வீதியில் தொடங்கப்பட்டது, முதல் தறி யாருடையது என்பதெல்லாம் வந்தது. டேனியல் சார் காபி வாங்கி வரச் சொன்னார். நான் பெயருக்குக் காத்திருந்தால் மழையே வந்துவிடும் என்று தோன்றியது. பிரிக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு, காணாமல் போன மயிலையாவது மறுபடி ஏற்ற உட்கார்ந்தேன். பஞ்ச் கார்டு எங்களிடமே இருந்தது.

"இதுக்கு மயில் ரெண்டுன்னு பேர் வெக்கறேன் ஐயா."

ஏகாம்பரம் காபியைக் கீழே வைத்தார். "ரெண்டா? என் மயிலு ரெண்டாவது மயிலா?"

கார்டைப் பார்த்தேன். உடல் நிறம் மயில் கழுத்து, அந்த நீலமும் பச்சையும் கலந்து மின்னும் நிறம். "அப்போ மயில் கழுத்துன்னு வெக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே ஆங்கில எழுத்துகளை விரல் விட்டு எண்ணினேன். பதின்மூன்று. உள்ளே அடங்கியது.

"அது வை," என்றார். வரதராஜுலுவாலும் அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. வாசலில் ஏஜென்ட் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

4. பம்பாய்க்காரர்

அவர் குஜராத்தியும் ஆங்கிலமும் பேசுகிறவர், மெலிந்த மனிதர். பட்டியலை நின்றுகொண்டே படித்தார். இரண்டு கிளைக்கும் சேர்த்து வந்திருந்த மொத்தத் தறிகள் என்ற வரிக்கு வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போன தடவை இரண்டு கிளைகளிலும் தனித்தனியாக விசாரித்ததாகவும், இரண்டுமே தன் தேவைக்குச் சின்னதாக இருந்ததால் ஆரணிப் பக்கம் போய்விட்டதாகவும் சொன்னார். "நீங்கள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது எனக்குத் தெரியாது," என்றார்.

டேனியல் சார் அதைத் தமிழில் சொன்னார். இரு செயலாளர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் 'இல்லை' என்று சொல்லவில்லை.

"அதான் போன மீட்டிங்லயே நான் சொன்னேன்," என்றார் வரதராஜுலு.

"நான் சொன்னதைத்தான் இவரு சொன்னாரு," என்றார் ஏகாம்பரம்.

ஏஜென்ட் ஆர்டர் கொடுத்தார். பொங்கலுக்கு முன் சரக்கு வேண்டும் என்றார். மயிலில் மட்டும் ஒரு திருத்தம். சின்ன காஞ்சிபுரத்து மயிலின் கரை பிடித்திருக்கிறது, மயில் கழுத்தின் உடல் பிடித்திருக்கிறது, இரண்டையும் ஒரே சேலையில் தர முடியுமா? முடியும் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அதை நெய்யப்போகிறவர்களை யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அண்ணன் வாசலில் பாவு தோய்ந்துகொண்டிருந்தான். "சின்ன காஞ்சிபுரத்துக் கரையை நான் நெய்யணுமாமே. உங்க மிஷினு பண்ண வேலையா இது?" என்றான்.

"கஷ்டமா இருக்குதா அண்ணா?"

"கொக்கு மாதிரி இருக்குது அவங்க மயிலு," என்றான். அறுந்திருந்த ஒரு இழையை முடிந்துவிட்டு, "தறி ஓடுது, வுடு," என்றான். அந்த வருஷ மழையில் அவன் தறி நிற்கவில்லை.

5. கடைசி இரண்டு எழுத்து

பொங்கல் முடிந்ததும் சங்கத் தலைவர், கிளைகளை முறைப்படி பிரித்துத் தனித்தனிப் பெயர் வைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். பெயர் கேட்க மறுபடியும் காஞ்சிபுரம் போனேன். இந்தத் தடவை இருவரையும் தனித்தனியாகப் பார்த்தேன்.

ஏகாம்பரம் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "இப்போ மிஷின்ல எப்படி இருக்குது?"

"காஞ்சிபுரம், அப்புறம் எஸ், ஐ. அதோட வெட்டிடுது ஐயா."

"எஸ் ஐன்னா சி. சிவ காஞ்சி. நம்ம பக்கத்துக்கு அதான் பழைய பேரு. அப்படியே இருக்கட்டும்மா. அவர் காதுல போடாத."

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜுலு மோர் கொடுத்து உபசரித்தார். "எஸ் ஐன்னு நிக்குதாமே? சின்ன காஞ்சின்னுதானே அர்த்தம்? மிஷினுக்குத் தெரிஞ்சிருக்குது பாரேன். மாத்தாத. ஏகாம்பரத்துக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாரு, பாவம்."

நான் இருவருக்கும் சரி ஐயா என்றேன். 'தற்போதைய பெயரே தொடர இரு கிளைகளுக்கும் சம்மதம்' என்று தலைவருக்குச் சொல்லி அனுப்பினேன். ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். பாதையை ஒட்டும்போது மொத்த நீளத்தை மட்டும் பார்க்காதீர்கள். நடுவில் வரும் ஒவ்வொரு பெயரையும் தனியாக அளந்து பாருங்கள். 'ஏற்கெனவே இருக்கிறது' என்று மெஷின் சொன்னால், இருப்பது யார் என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். சத்தமில்லாமல் வெட்டுகிற மெஷினைவிட, கத்திவிட்டு நிற்கிற புரோகிராம் நல்லது.

அந்த வாரமே என் ஃபங்ஷனில் அந்தச் சோதனையைச் சேர்த்தேன். இது எதற்கு என்று மேலே ஒரு வரி கமென்ட் எழுதுவது எங்கள் சென்டர் வழக்கம். காரணமாக இருந்த இருவரின் பெயரையும் எழுதலாம் என்று தொடங்கினேன். பிறகு, யார் பெயரை முதலில் போடுவது என்று யோசித்து, எழுதாமலே விட்டுவிட்டேன்.