மயில்கழுத்துக் கடல்

நேற்று ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. பெண் யார், மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன்னால் என் விரல்கள் அட்டையின் கனத்தைத் தடவிப் பார்த்தன. நல்ல அட்டை, ஆறு தேறும் என்றது மனம். என்ன ஆறு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் தாம்பரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டிலிருந்து காலை மின்ரயில், பெண்கள் பெட்டி. மல்லிகைப்பூவும் யாரோ திறந்த டிபன் டப்பாவும் சேர்ந்து மணக்கும். எதிர் சீட்டில் ரெஜினா, துணிக்கடையில் வேலை. கைபேசியில் எதையோ பார்த்துவிட்டு அவள்தான் ஆரம்பித்தாள். சீட்டுக்கட்டுச் சீட்டு அளவில் ஓர் அட்டை. அதில் வரையலாம், ஒட்டலாம், தைக்கலாம். விற்கக் கூடாது. ஒன்று கொடுத்தால் ஒன்று வாங்கலாம், அவ்வளவுதான் சட்டம். அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினோம். கனமான பத்திரிகை ஒன்றில் ஆறு அட்டை தேறும். நான் வரைந்த யானையைப் பார்த்து, "இன்னாடி, பன்னி சூப்பரா கீது" என்று ரெஜினா பாராட்டியதிலிருந்து நான் ஒட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

கூடுவாஞ்சேரியில் ஏறும் புவனாவுக்குத்தான் இதெல்லாம் கைவரும். புதிதாகக் கல்யாணமானவள், ஸ்கேன் சென்டரில் வேலை. ஒருநாள் அவள் கொண்டுவந்த அட்டையில் கடல் பளபளத்தது. மயில்கழுத்து நிறத்தில் அசல் பட்டு. அதன்மேல் வெள்ளைத்தாள் படகு. நானும் ரெஜினாவும் அடித்துக்கொள்ளாத குறை. ரெஜினாவுக்குத்தான் கிடைத்தது.

அடுத்த வாரம் புவனா வீங்கிய கண்களோடு ஏறினாள். அந்தப் பட்டு மாமியாரின் கல்யாணப் புடவை. இடுப்பில் செருகும் உள்முனையில் வெட்டியிருக்கிறாள்.

"யாருக்குத் தெரியப்போவுதுன்னு வெட்டிட்டேன்க்கா. காயப்போட எடுத்தப்ப பாத்துட்டாங்க. எங்கூட பேச்சே இல்ல. அவரும் போய் வாங்கினு வான்னு சொல்றாரு. ரெஜினாக்கா, குடுத்துடேன்."

ரெஜினா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நான் மாத்திட்டேன்டி. மகாபலிபுரத்துல எங்க சித்தி பொண்ணு ஜான்சிகிட்ட கீது."

ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டில் பஸ் ஏறினோம். மாமியாரும் கூட வந்துவிட்டார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வேர்க்கடலை நீட்டினேன், எடுத்துக்கொண்டார். புவனா நீட்டியதைப் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜான்சி கடற்கரைச் சாலையில் சிப்பிச் சாமான் கடை வைத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தன்னிடமிருந்த அட்டைகளைக் கண்ணாடி மேசைமேல் பரப்பினாள்.

"எடுத்துக்கோங்கம்மா. ஆனா ஒண்ணு குடுத்துட்டு எடுங்க. அதான் ரூல்."

ரெஜினா அவளை முறைத்தாள். புவனா என் கையை இறுக்கிப் பிடித்தாள். மாமியாரோ ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பேனாவும் ஒரு வெத்து அட்டையும் குடு."

பஸ்ஸில் எதிர்ப்பக்க சீட்டில் வாயைப் பிளந்து தூங்கிவந்த ஆளை, பின்னால் சரிந்த தலையும் மடியில் பையுமாக அப்படியே வரைந்தார். சட்டைக்குப் பஸ் டிக்கெட்டைக் கிழித்து ஒட்டினார். ஜான்சி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"எங்க கத்துக்கினீங்கம்மா?"

"பள்ளிக்கூடத்துல வரைவேன். அதுக்கப்புறம் யாரு கேட்டா?"

பிறகு அட்டைகளை நிதானமாகப் பார்த்தார். பட்டுக் கடலைத் தொட்டார். அதை விட்டுவிட்டு, வலைநூலில் நண்டு தைத்திருந்த ஓர் அட்டையை எடுத்துக்கொண்டார்.

"அத்தை, நம்மளுது அது" என்றாள் புவனா, மெதுவாக.

"தெரியும். பொடவை வூட்ல கீது. நண்டு இல்லியே." நண்டு அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "கேட்டிருந்தா நானே வெட்டிக் குடுத்திருப்பேன்" என்றார்.

திரும்பும்போது மாமியாரும் மருமகளும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். அதற்குப் பிறகு மாமியாரின் அட்டைகள் புவனாவின் கைப்பையில் ரயிலேறின. பெட்டியில் அவற்றுக்குத்தான் கிராக்கி.

கொரோனாவில் ரயில் நின்றது. மறுபடி ஓடியபோது நான் வேலைபார்த்த கடை இல்லை. ரெஜினா வேறு வேலைக்குப் போய்விட்டாள், பஸ்ஸில் போகிறாள். புவனா குடும்பம் கேளம்பாக்கத்தில் ஃப்ளாட் பார்த்துப் போய்விட்டது. ஜான்சியின் கடையில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள்.

போன மாதம் புவனா போன் செய்தாள்.

"அத்தை இன்னும் வரைஞ்சுகினுதான் கீறாங்கக்கா. ஷூ டப்பா ரொம்பிப்போச்சு. யார்கிட்ட மாத்தறதுன்னு கேக்கறாங்க. இன்னா சொல்றது?"