கிணற்றில் கிடந்த கற்கள்

என் அப்பாவுக்குக் கட்சி என்றால் உயிர். எங்கள் வீட்டில் தலைவர் படத்துக்குப் பெரிய மாலை, சாமி படத்துக்குச் சின்ன மாலை. சாமி அதைப் பெரிதுபடுத்தியதில்லை.

திண்டிவனத்தை ஒட்டி எங்களுக்கு ஒரு மல்லாட்டைக் கொல்லை இருந்தது. அம்மாவுக்குத் தாய்வீட்டில் கொடுத்த நிலக்கடலை நிலம். அதன் குறுக்கே புதுச் சாலை வருகிறது என்று அளந்து, மஞ்சள் பூசிய கற்களை நட்டுவிட்டுப் போனார்கள். எதிர்க்கட்சித் தலைவர் டிவியில், "ரோடு வந்தால்தான் ஊர் வளரும், நிலத்தைக் கொடுங்கள்" என்றார். அப்பாவுக்கு வந்ததே கோபம்! நேரே கொல்லைக்குப் போய் எல்லாக் கற்களையும் பிடுங்கிக் கிணற்றில் வீசினார். கிணற்று மேட்டில் நின்று நான் கைதட்டினேன். அம்மா அன்று மீன் குழம்பு வைத்தாள்.

தேர்தல் வந்தது. எங்கள் தலைவர் திண்டிவனத்துக்கு வந்து பேசியபோது நான் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தேன். "ரோடு வந்தால்தான் ஊர் வளரும்" என்றார் தலைவர். அப்பா கத்தப்போகிறார் என்று அவர் முடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவரோ கைதட்டினார். குனிந்து பார்த்தால் முகமெல்லாம் சிரிப்பு. சுற்றி நின்ற எல்லோருக்கும் அதே சிரிப்பு.

மறுநாள் காலை அப்பா கிணற்றில் இறங்கினார். பாசி படிந்த கற்களைத் தோளில் சுமந்து ஏறி வந்து, பழைய குழிகளிலேயே நட்டார். அம்மா ஓடி வந்தாள்.

"நீதானய்யா புடுங்கிப் போட்ட? இப்ப நீயே நட்டுக்கினு இருக்கியே!"

"நானா? நான் எதுக்குப் போடப்போறேன்? எல்லாம் அந்தக் கட்சிக்காரனுங்க வேலை. நீ பாத்தியா பாப்பா, எவன் போட்டான்னு?"

கண் சிமிட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சிமிட்டவில்லை. நிஜமாகவே என் பதிலுக்காகக் குந்தி உட்கார்ந்திருந்தார். கிணற்றுக்குள் இறங்கியவர் ஒருவர், ஏறி வந்தவர் வேறொருவர் என்று நினைத்து அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அம்மா விடவில்லை. திருவாமாத்தூர் கோயிலுக்கு அழைத்துப் போனாள். அங்கே வட்டப்பாறையில் கை வைத்துப் பொய்ச் சத்தியம் செய்தவன் உயிரோடு வீடு திரும்ப மாட்டான் என்பார்கள். 'வேணாம்ப்பா' என்று நான் அழுதேன். அப்பா என் தலையைத் தடவிவிட்டு, பாறையில் கை வைத்து, "அந்தக் கல்லை நான் கிணத்துல போடவே இல்ல" என்றார். குரலில் ஒரு பிசிறு இல்லை. அம்மாவின் முகம்தான் வெளுத்தது.

திரும்பும் பஸ்ஸில் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று பார்த்தபடியே இருந்தேன். விழுப்புரத்தில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தந்தார். பிறகு குறட்டை விட்டுத் தூங்கினார். ஒன்றும் ஆகவில்லை. சாமியும் எங்கள் கட்சிதான் போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

நிலம் போய்விட்டது. அதன் மேல் இன்று லாரிகள் ஓடுகின்றன. அப்பா அன்று பாறையில் பொய்யே சொல்லவில்லை என்பது புரிய எனக்கு இத்தனை வயதாயிற்று. புரிந்த பிறகு பயம் கூடித்தான் போயிருக்கிறது.