அப்பா குடித்த கீழாநெல்லி

அன்பு உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய நல்ல குணங்களை மட்டும் எழுதத்தான் உட்கார்ந்தேன். நான் செய்த தவறைச் சொல்லாமல் அதை எழுத முடியவில்லை.

அப்பா தொண்டாமுத்தூரில் பிறந்தவர். யானை புகுந்து வாழைத்தோட்டம் அழிந்த வருடம் படிப்பை நிறுத்திவிட்டு, துடியலூரில் ஒரு பம்பு பட்டறையில் லேத் ஓட்டச் சேர்ந்தார். அந்த உழைப்பில்தான் நான் ஆசிரியை ஆனேன். வலி என்று வாய் திறக்காத மனிதர், இடுப்பு வலிக்கிறது என்று அவராகவே சொன்னதும் பயந்துபோய் இரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தேன்.

வீட்டுக்கு வந்து இரத்தம் எடுத்த பெண்ணிடம், "ஏனுங்க அம்மணி, எனக்கும் ரெண்டு சொட்டு மிச்சம் வெய்யுங்க" என்று சிரித்தார்.

ரிப்போர்ட் என் போனுக்கு வந்தது. ஈரல் பரிசோதனை என்ற தலைப்பின் கீழ் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதி மட்டும் மிக அதிகம். மஞ்சள் காமாலை என்று நானே முடிவு கட்டினேன். டாக்டரிடம் காட்டவில்லை. அம்மா தினமும் காலையில் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கினார். உப்பில்லாப் பத்தியம் வேறு. பள்ளிக்குப் போகும் முன் என் வீட்டிலிருந்து வந்து, அப்பா குடிப்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பேன்.

"டீச்சரம்மா சொன்னாத் தப்பாகுமாங்க?" என்று கேலி செய்துகொண்டே குடித்தார். ஒன்றரை மாதம்.

அப்பாவின் நடை நின்ற பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். பழைய ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "இது ஈரல்ல இருந்து மட்டும் ஏறதில்லீங்க, எலும்புல இருந்தும் ஏறும்" என்றார். மறுபடி இரத்தம் எடுத்தார்கள். புராஸ்டேட் சுரப்பியின் கோளாறைக் காட்டும் பி.எஸ்.ஏ. அளவும் எகிறியிருந்தது. புராஸ்டேட்டில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவியிருந்ததை ஸ்கேன் உறுதி செய்தது.

"முன்னாடியே வந்திருந்தா?"

"நோயைத் தீர்த்திருக்க முடியாதுங்க. வலியைக் குறைச்சிருக்கலாம்."

அந்த ஒன்றரை மாத வலியை நினைத்து இன்றும் பதறுகிறேன்.

கடைசி வாரத்தில் அப்பாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "அட வுடு கண்ணு. கல்யாணமாகிப் போனதுக்கப்பறம் நீ எப்ப தெனமும் வந்தே? டம்ளரு காலியாகற வரைக்கும் எம்பட பக்கத்துல உக்காந்திருந்தயில்ல" என்றார்.

போன வாரம் என் மகளுக்குக் காய்ச்சல். ரிப்போர்ட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் டாக்டரிடம் கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

முதலில் இரத்தம் எடுத்து, கடைசிவரை வந்து நோகாமல் ஊசியும் போட்ட அந்தப் பெண்ணுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் கார் எடுத்த பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அப்பா, என்னை நம்பி ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லாமல் குடித்தீர்களே. உங்களுக்கு நன்றி சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

கண்ணீருடன்,
மகள்