அம்மாவுக்குக் கேட்காத சத்தம்

அப்பாவின் கடைசி வருடம் மூக்கில் குழாயோடுதான் கழிந்தது. நுரையீரல் சுருங்கிக்கொண்டே வரும் நோய். எங்கள் சாலாக் செலாத்தான் பிளாட்டின் ஹாலில், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில், ஆக்சிஜன் மெஷின் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். லோரி ஓட்டிப் பிழைத்தவர். "இன்ஜின் நல்லாத்தான் ஓடுது, டிரைவர்தான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்குவார்.

நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய அலுவலகத்தில் வீட்டுச் சாதனங்களை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். மின்விசிறி, சோறு ஆக்கும் குக்கர், அடுப்பு. பொத்தான் எங்கே இருக்க வேண்டும், விளக்கு எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்று மணிக்கணக்கில் வாதாடுவோம். சத்தத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசியதில்லை. ஏதோ ஒரு பீப். அவ்வளவுதான்.

ஒரு மதியம் மெஷினின் பிளக் சுவரிலிருந்து தளர்ந்துபோனது. மின்சாரம் நின்றால் உள்ளே இருக்கும் பேட்டரியில் அது கத்தும். கத்தியது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா அதே ஹாலில் டிவி நாடகம் பார்த்தபடி துணி மடித்துக்கொண்டிருந்தார். டிவி சத்தத்தில் மெஷினின் உறுமல் நின்றதும் அவருக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு வயதானதில் காது கொஞ்சம் மந்தம். பேசினால் கேட்கும், கதவைத் தட்டினால் கேட்கும். கூர்மையான சத்தம்தான் கேட்காது. அது எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது.

பக்கத்து வீட்டு ஆன்டிதான் ஓடிவந்து பிளக்கை அழுத்தினார். அதற்குள் அப்பாவின் உதடு நீலமாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் அன்று மாலையே போய்விட்டார். அவர் இருந்த நிலைமைக்கு எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்த வார்த்தையை நாங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம்.

காரியம் முடிந்ததும் ஆன்டி என்னைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப் போனார். "ரொம்ப நேரமா கத்திக்கிட்டு இருந்துச்சும்மா. யாரோட போன் அலாரமோன்னு நெனச்சிட்டேன். அம்மாகிட்ட சொல்லிடாத."

நானும் அண்ணனும் சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "மெஷின் சத்தமே போடல. ரிப்பேர் மெஷினைக் கொடுத்துட்டாங்க." நாங்கள் பக்கத்தில் நின்று தலையாட்டினோம்.

பிறகு அம்மா பூச்சோங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டார். அலுவலகத்தில் புதிதாக ஒரு மின்னடுப்பு என் கைக்கு வந்தது. அடுப்பு அளவுக்கு மேல் சூடானால் கத்த வேண்டும். மாதிரியை இயக்கிப் பார்த்தேன். அப்பாவின் மெஷினைக் கொண்டுவந்த நாளில் சோதித்துக் காட்டிய அதே மெல்லிய, ஊசி போன்ற பீப். இதை மாற்ற வேண்டும் என்றேன்.

மேனேஜர் நம் ஆள்தான், தமிழர், நல்ல மனிதர். "ஒங்க அப்பா விஷயம் எனக்குத் தெரியும், சாரி. ஆனா ஒரு வீட்டுல நடந்தத வச்சு டிசைன் பண்ண முடியாது லா. நம்ம கஸ்டமர் எல்லாம் யங் கப்பிள்ஸ்."

அந்த யங் கப்பிள்ஸ் வேலைக்குப் போன பிறகு அடுப்புக்கு முன்னால் யார் நிற்பார்கள் என்று கேட்டேன்.

கிள்ளானில் முதியவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஓர் இடத்துக்கு மாதிரியை எடுத்துப் போனேன். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் முதலில் வந்து உட்கார்ந்தார். நான் பொத்தானை அழுத்தினேன். வீடியோ எடுக்க வந்த சக ஊழியர் ஒரு காதைப் பொத்திக்கொண்டார். பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "போடும்மா, நான் ரெடி" என்றார்.

வீடியோவைப் பார்த்த பிறகு மேனேஜர் சத்தத்தை மாற்றச் சொல்லிவிட்டார்.

புதிய சத்தத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வைத்துச் சோதித்தேன். முதலில் பழையது, பிறகு தணிந்த, தடித்த புதியது. அம்மா சமையலறை வாசலுக்கு வந்து நின்றார்.

"என்ன சத்தம் அது?"

"அடுப்போட அலாரம்மா."

அம்மா மாதிரியில் இருந்த இரண்டு பொத்தான்களைப் பார்த்தார். "இதுக்கு முன்னால ஒன்னு போட்டியா?"

நான் அடுப்பின் சுவிட்சை அணைத்தேன்.

"அப்பா மெஷினும் அப்படித்தான் எனக்குக் கேக்காம கத்துச்சு, இல்ல?"

"யாரும்மா சொன்னா?"

"யாரும் சொல்லல. அந்த ஆன்டி உள்ள வந்தப்போ என்னைப் பாக்கவே இல்ல. நேரா மெஷின்கிட்ட ஓடினா. சத்தம் கேக்காம எப்படி ஓடுவா?"

"பின்ன ஏம்மா ரிப்பேர் மெஷின்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றது? பக்கத்துலயே உக்காந்து துணி மடிச்சிக்கிட்டு இருந்தேன்னா?"

அது அம்மாவின் தவறில்லை என்றேன். வயதான காதுகளுக்கு அந்தச் சத்தம் எட்டாது, அதைச் செய்தவர்கள் அதை யோசிக்கவில்லை, பெரியவர் ஒருவர் எதுவும் கேட்காமல் எப்படி உட்கார்ந்திருந்தார் என்றெல்லாம் சொன்னேன். அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார். "சரி. இந்த அடுப்ப மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்திடாத" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுப்பு இப்போது கடைகளில் இருக்கிறது. எந்தச் சாதனம் வந்தாலும் முதலில் அதன் சத்தத்தை வயதானவர்களிடம் கொண்டுபோகிறேன். அலுவலகத்தில் சிலருக்கு இது அலுத்துவிட்டது. எனக்கு வேறு மாதிரி வேலை செய்யத் தெரியவில்லை.

விடுமுறை நாட்களில் மதியம் நான் கண்ணயர்ந்தால் அம்மா அறைக்குள் வருவார். குனிந்து, என் மூக்கின் அருகே புறங்கையை வைத்துப் பார்ப்பார். மூச்சு படும் வரை அந்தக் கை அங்கேயே இருக்கும். விழித்திருந்தாலும் நான் கண்ணைத் திறப்பதில்லை.